போனவர்கள் இருந்த கம்ப்யூட்டர்

தோல் பதனிடும் அந்த டேனரியின் வாசலில் ஒரு திரை இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் டோக்கனை அதன் கீழே இருந்த கறுப்புப் பெட்டியின்மேல் வைக்க வேண்டும். அவர்கள் எந்தெந்தப் பகுதிக்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்பது பச்சையிலும் சிவப்பிலும் வரும். எல்லோருக்கும் மெதுவாகத்தான் வந்தது. ஒருவருக்கு மட்டும் வரவே வராது போல இருந்து, எல்லோரும் நம்பிக்கை இழந்த பிறகு வரும்.

அவர் தோலை ஊறப்போட்டு உருட்டும் டிரம் பகுதியில் வேலை பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நெஞ்சுக்கூடு தெரிகிற உடம்பு. வரிசையில் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். அவர் டோக்கனை முன்னால் வைத்தால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் தாமதமாகி, கூலியில் பிடிப்பார்கள். அதனால் அவராகவே பழக்கிக்கொண்ட ஏற்பாடு அது.

நான் அங்கே போன முதல் நாள் காலையில் அவர் டோக்கனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தன் டீயை முழுக்கக் குடித்து முடித்தாள்.

"இன்னாண்ணா, உன்ன மட்டும் இந்த மிஷினு இவ்ளோ யோசிக்குது? பொண்ணு குடுக்கப் போவுதா?" என்றாள்.

"குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார் அவர்.

பச்சை வந்தது. கடைசி வரியில், கழிவுத் தொட்டி என்ற இடத்தில் மட்டும் சிவப்பு. அவர் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இந்தத் தாமதம் என்னவென்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. ஆலங்காயம் பக்கத்து ஊர். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் நின்றுவிட்டேன். பிறகு ஓசூர், திருப்பூர், பெங்களூரில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டு, மறுபடியும் ஓசூர் என்று போய்க்கொண்டிருந்தேன். ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த சமயத்தில், ஆள் வராத நேரங்களில் வீடியோ பார்த்து பிஎச்பி கற்றுக்கொண்டேன். வெப்சைட் எழுதும் மொழி அது. அதை வைத்து இரண்டு வேளை சாப்பிட முடிந்தது. எந்த ஊரிலும் நிலைத்து நிற்க எனக்குத் தெரியவில்லை. டேனரியில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்குக்கு மேலே ஒரு அறை கொடுத்தார்கள். அங்கே படுத்தால் காலையில் உதடு கரிக்கும். என் பெல்ட் பக்கிள் ஒரு மாதத்தில் துருப்பிடித்து உடைந்தது. கயிறு கட்டிக்கொண்டேன்.

மேனேஜர் பாய் என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். "தம்பி, காலைல வரிசை ரோடு வரைக்கும் போவுது. ரொம்ப பேஜாரா இருக்கு. புது சர்வர் கேளு, வாங்கித் தர்றேன். ஆனா இன்னொரு சாஃப்ட்வேர் வாங்குன்னு மட்டும் சொல்லாத. இது நம்ம ஜனங்களுக்குப் பழகிப்போச்சு."

அந்த மென்பொருளை எழுதியவள் பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு நேராக அங்கே வேலைக்கு வந்த ஒரு பெண். நான் போவதற்கு முன்பே கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளை நான் பார்த்ததில்லை. அவள் எழுதியதைத்தான் படித்தேன்.

எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் மேல்தான் அவள் எழுதியிருந்தாள். ஃபிரேம்வொர்க் என்பது வீட்டுக்குப் போட்டுத் தரும் தூணும் கூரையும் போல. சுவரை நாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். அதில் வேலைகளை கிளாஸ் என்ற தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு கோப்பு. தேவைப்படும்போது நிரல் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து வாசிக்கும். தொழிலாளி என்று ஒரே ஒரு கிளாஸ் எழுதினால் போதும். ஆட்களின் விவரமெல்லாம் தனியாக அட்டவணையில் இருக்கும். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அவள் ஆளுக்கு ஒரு கிளாஸ் எழுதியிருந்தாள்.

முதலில் சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் அவள் மேஜை முன்னால் வந்து நின்று தன் குறையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதை அப்படியே எழுதியிருந்தாள். ஒருவருக்குக் கையில் புண், சுண்ணாம்புப் பக்கம் அனுப்பக் கூடாது. ஒருத்திக்குக் குழந்தை சின்னது, பிற்பகலில் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வருவாள், வாசலில் கேள்வி கேட்கக் கூடாது. ஒருவருக்கு வலது காது கேட்காது, ஃபோர்க்லிஃப்ட் வரும் வழியில் நிறுத்தக் கூடாது. கோப்பின் பெயர் அந்த ஆளின் பெயர். உள்ளே அந்த ஆள். கம்ப்யூட்டரில் இப்படி ஆட்களை நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் திறக்கும்போது கதவைத் தட்டாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது.

இதனால் மட்டும் அவ்வளவு மெதுவாகாது. காரணம் வேறு. அந்த டேனரியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மேஸ்திரி. என் ஆட்களின் விவரம் என் மேஜையில்தான் இருக்க வேண்டும், அடுத்தவன் கம்ப்யூட்டரில் எதற்கு என்று ஒவ்வொருவரும் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். அவளும் சரி என்று, அந்தந்தப் பகுதியின் ஆட்களை அந்தந்தப் பகுதியின் கம்ப்யூட்டரிலேயே வைத்து, எல்லாவற்றையும் ஒயர் வழியாக வாசல் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டாள். ஆள் அடிக்கடி பகுதி மாறுவான், கோப்பும் கூடவே மாறும். அதனால் யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் எங்கும் கிடையாது.

பிஎச்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் புதிதாகப் பிறக்கும், பதில் சொல்லியதும் செத்துவிடும். முந்தைய தடவை கண்டுபிடித்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது. ஒருவர் டோக்கனை வைத்ததும் நிரல் எழுந்து, சுண்ணாம்புப் பகுதியின் கம்ப்யூட்டருக்குப் போய் இவர் இருக்கிறாரா என்று கேட்கும். இல்லை. டிரம் பகுதி. இல்லை. சாயம், உலர்த்தும் இடம், ஃபினிஷிங், பேக்கிங். கிடைக்கும் வரை ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கும். அடுத்த டோக்கனுக்கு மறுபடியும் முதல் வாசலிலிருந்து.

மென்பொருள் இப்படிக் கேட்டுக்கொண்டு அலைவதை நான் புரிந்துகொண்ட அதே வாரத்தில்தான் தொட்டி சுத்தம் செய்வதையும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக டிரம்களை நிறுத்துவார்கள். மற்ற நாட்களில் அந்த மர டிரம்கள் உருளுகிற சத்தம் தரையிலிருந்து காலுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அது நின்றதும் காதுக்குள் ஏதோ காலியாகிவிடும். வெயில் அப்படியே இருக்கும். லாரிகள் அப்படியே நிற்கும். ஆள் நடமாட்டம் இருக்காது. தண்ணீர் வரத்தும் நின்றுவிடுவதால் கழிவுத் தொட்டியின் அடியில் தங்கிய சேற்றை அந்த நேரத்தில்தான் வாருவார்கள். இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் அல்லது இருவர் இறங்குவார்கள். மேலே ஒருவர் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து, கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு, விட்டு விட்டுக் குரல் கொடுப்பார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

இதுதான் அந்த வேலையின் சட்டம். பதில் வரவில்லையென்றால் வேறு எதையும் யோசிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும். கீழே கெட்ட வாயு சேரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரை அது இருப்பதாவது தெரியும். ஜாஸ்தியானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இதை அங்கே எல்லோருமே அறிந்திருந்தார்கள்.

குரல் கொடுப்பவர் மாதனூர் பக்கத்துக்காரர். முறுக்கு மீசை, பேச்சில் எப்போதும் ஒரு கேலி. அன்று எல்லோரும் மேலே ஏறிய பிறகு மூடியைத் தள்ளப் போனவர், நின்று, காலித் தொட்டிக்குள் குனிந்து இன்னொரு தடவை கூப்பிட்டார். "இருக்கியா?" சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகுதான் மூடியைத் தள்ளினார்.

"எல்லாரும் ஏறிட்டாங்களேண்ணா, யாரக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"யாரும் இல்லன்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

"பதில் வரலன்னா இல்லன்னு அர்த்தமா?"

"பின்ன?"

"வந்தா?"

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "சோறு துன்ற நேரத்துல இதெல்லாம் எதுக்குப்பா கேக்கற? போ, போய்க் கை கழுவு."

முன்பு ஒரு தடவை எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து மூடிவிட்டார்களாம். இதை அவர் சொல்லவில்லை. டீக்கடையில் கேள்விப்பட்டேன். யார், எப்போது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் வேலை எளிதாகவே தெரிந்தது. எல்லாக் கோப்புகளையும் ஒரே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும். எந்த கிளாஸ் எந்த இடத்தில் என்று ஒரு தடவை வரைபடம் போட்டு வைக்க வேண்டும். அதன் பிறகு நிரல் தேடி அலையாது, நேராகப் போய் எடுக்கும். வாசித்த கோப்புகளை நினைவிலேயே வைத்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு உண்டு. வரைபடத்தில் பெயர் இல்லையென்றால் எங்கேயும் போய்க் கேட்க வேண்டாம், அப்படி ஒருவர் இல்லை என்றே வைத்துக்கொள் என்றும் கட்டளை கொடுக்கலாம். வேகம் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டளையால்தான்.

மேஸ்திரிகளைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொருவர் மேஜையாகப் போய், உங்கள் ஆட்களை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நகல்தான் எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். அப்படிப் போகும்போதுதான் ஒயர்களை எண்ணிப் பார்த்து, பகுதிகளைவிட ஒரு ஒயர் அதிகமாக இருப்பதைக் கவனித்தேன்.

அதைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஃபினிஷிங் பகுதியைத் தாண்டி, பழைய தோல் கிடங்குக்குப் பின்னால், யாரும் போகாத ஓர் அறைக்குள் நுழைந்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே உடைந்த நாற்காலிகள், காய்ந்து சுருண்ட தோல் துண்டுகள். அவற்றுக்கு நடுவே தரையில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை இல்லை, கீபோர்டு இல்லை. பச்சை விளக்கு மட்டும். உட்புற விசிறி ஏறி இறங்கி மூச்சு வாங்குவது போலக் கேட்டது. ஸ்விட்சின்மேல் பிளாஸ்டர் ஒட்டி, அணைக்காதே என்று எழுதியிருந்தது. அந்த அறையில் மட்டும் தோல் நாற்றமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இப்போதும் தெரியவில்லை.

வேறு இடத்திலிருந்து திரையை எடுத்துவந்து மாட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபோல்டர். தமிழ் எழுத்தில் பெயர் வைத்திருந்தாள்: போனவர்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் கோப்புகளை அவள் அழிக்கவில்லை. இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். நிறையப் பெயர்கள். துபாய் போனவர்கள், குடியாத்தத்துக்குத் தறி ஓட்டப் போனவர்கள், செத்துப்போனவர்கள், எல்லோரும் ஒன்றாக. யார் எப்படிப் போனார் என்று அவள் பிரித்து வைக்கவில்லை. எல்லா வாசல்களிலும் இல்லை என்ற பதில் வந்த பிறகு நிரல் கடைசியாக வந்து நிற்கும் வாசல் இதுதான்.

இங்கே இல்லாதவர்கள் வாசலில் எதற்கு வந்து டோக்கன் வைக்கப் போகிறார்கள்? அதை நான் வரைபடத்தில் சேர்க்கவில்லை. பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். விசிறி நிற்க நேரம் எடுத்துக்கொண்டது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் புதிய ஏற்பாட்டை ஓடவிட்டேன். டோக்கனை வைத்துக் கை எடுப்பதற்குள் திரை வந்தது. ரோடு வரை நிற்கும் வரிசை வாசலோடு முடிந்துவிட்டது. மேனேஜர் பாய் வந்து நின்று பார்த்து, "ஜபர்தஸ்த்" என்று என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வேலையை ஒழுங்காக முடித்த மாதிரி உணர்வது எனக்கு எப்போதாவதுதான் நடக்கும்.

மதியம் டிரம்கள் நின்றன. நான் வாசலில் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை எனக்கும் ஊற்றினாள்.

"நீ என் பொழப்புல மண்ணப் போட்ட தம்பி," என்றாள். "முன்னல்லாம் ஒவ்வொருத்தரும் நிப்பாங்க, நாலு வார்த்தை பேசுவாங்க. இன்னிக்கு ஒருத்தரும் மூஞ்சிய கூடக் காட்டல. அந்த அண்ணனுக்கே உடனே வந்துடுச்சு. டீய வாய்ல வெக்கறதுக்குள்ள."

"எந்த அண்ணன்?"

"அதான், கடைசில நிப்பாரே. மிஷினு யோசிக்கும்ல. இன்னிக்கு யோசிக்கவே இல்ல. பளிச்சுன்னு பச்சை."

"பச்சையா? எல்லாமேவா?"

"எல்லாந்தான். தொட்டிக்குங்கூட. சிரிச்சிக்கினே போனாரு. மிஷினே என்ன விட்டுடுச்சும்மா, இனிமே யாரு கேப்பாங்கன்னாரு."

என் கை தட்டிலேயே நின்றது. மிக மெதுவாக வந்தவர் என்றால் நிரல் எல்லா வாசல்களையும் தாண்டிப் போய் அவரைக் கண்டுபிடித்திருக்கிறது. கடைசி வாசலில். அவர் ஒரு காலத்தில் வேலையை விட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் கோப்பை யாரும் திருப்பி எடுத்து வைக்கவில்லை. இத்தனை நாளும் அவர் தினமும் போனவர்களிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தார். நான் அந்த வாசலை மூடிவிட்டேன். இப்போது நிரலுக்கு அவர் என்று ஒருவர் இல்லை. ஆள் இல்லையென்றால் தடையும் இல்லை. எல்லாம் பச்சை.

ஓடினேன். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

தொட்டிப் பக்கம் வெயில் வெள்ளையாக அடித்தது. மீசைக்காரர் பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கூட இறங்கும் ஆள் தொழுகைக்குப் போயிருந்தார். நாற்றம் ஏதும் வரவில்லை.

"மேல ஏத்துங்க அவர!" என்றேன்.

"இன்னா தம்பி, தீப்புடிச்சா மாதிரி வர்ற? ஆளு நல்லாத்தான் இருக்கான். பதில் வந்துக்கினேதான் இருக்கு."

"அவரு எறங்கக் கூடாதுண்ணா. மெஷின்ல தப்பு."

"எனக்கும் தெரியும், முன்ன வேணாம்னுதான் இருந்துச்சு. இன்னிக்குப் பச்சை காட்டுச்சுன்னான். அவசரப்பட்டு இழுத்தா அவன் என்ன அசிங்கமாத் திட்டுவான்." அவர் குனிந்தார். "இருக்கியா?"

"இருக்கேன்."

நான் அதைக் கேட்டேன். தெளிவாக, நிதானமாக, வேலை பார்த்துக்கொண்டே சொல்கிற குரல். மூச்சு வாங்குவதுகூட இல்லை.

"கேட்டியா?" என்றார் மீசைக்காரர்.

"கேட்டேன். இருந்தாலும் இழுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். இருவரும் பிடித்து இழுத்தோம். கீழே இருக்கிற ஆள் காலை ஊன்றிச் சுவரை உதைத்து ஏறினால் கயிறு இலகுவாக வரும். அது இலகுவாக வரவில்லை. நனைந்த தோல் மூட்டையை இழுப்பது போல, முழுப் பாரமாக வந்தது. தலை தெரிந்தபோது அது முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கண் மேலே செருகியிருந்தது. வாய் இறுக மூடி, ஓரத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது. அந்த வாய் அப்போதுதான் பேசியது என்று யாரும் சொல்ல முடியாது.

மீசைக்காரர் கத்தியதில் பேக்கிங்கிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, முகத்தைக் கழுவி, நெஞ்சை அழுத்தினார்கள். ஒரு முறை இருமினார். கம்பெனி வேனில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி தொழுகையிலிருந்து ஓடிவந்து அதே வேனில் ஏறிக்கொண்டார்.

தொட்டிக்குப் பக்கத்தில் நானும் மீசைக்காரரும் மட்டும் மிச்சம். மூடி திறந்தே கிடந்தது. அதை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை.

"நீ கூப்பிடு தம்பி," என்றார்.

எனக்கும் வாய் வரவில்லை. அங்கேயே நின்றோம். பிறகு டிரம்கள் மறுபடியும் உருள ஆரம்பித்தன. அந்தச் சத்தம் வந்ததும் இருவருமாகச் சேர்ந்து, ஒன்றும் கேட்காமல் மூடியைத் தள்ளினோம்.

பழைய தோல் கிடங்குக்குப் போனேன். ஸ்விட்சைப் போட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஃபோல்டரில் அவர் பெயர் இருந்தது. திறந்தேன். அவள் எழுதியிருந்தது கொஞ்சம்தான். தொட்டியில் ஒரு தடவை மயங்கியவர், நுரையீரல் கெட்டிருக்கிறது, இறங்கக் கூடாது. அதன் கீழே இன்னொரு வரி: அவரே கேட்டாலும்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் பேசினார். மூக்கில் குழாய் இருந்தது. நானும் மீசைக்காரரும் போயிருந்தோம். தொட்டி வேலைக்குக் கூடுதல் கூலி உண்டு. அதற்காகத்தான் இத்தனை மாதம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். மகளுக்கு நர்சிங் படிக்க ஆசையாம்.

"எம் மேல கோவமா?" என்றேன்.

"உம் மேல எதுக்கு? எறங்கினது என் காலு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எம் பேரு எங்க இருந்துச்சுன்ன?"

"போனவங்க ஃபோல்டர்ல."

"அப்போ நான் திரும்பி வந்தத இன்னும் யாருமே எழுதலயா?" சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

மீசைக்காரர் கட்டிலை விட்டுத் தள்ளியே நின்றிருந்தார். இப்போதுதான் கேட்டார்: "நான் கூப்பிட்டப்பல்லாம் பதில் சொன்னியேடா. கடைசி வரைக்கும் சொன்னியே."

"எப்போ?"

"கீழ இருந்தப்போ."

"நான் எங்கண்ணா சொன்னேன்? எறங்கின கொஞ்ச நேரத்துல காது ரெண்டும் அடைச்சிக்கிச்சு. நீ கூப்பிட்டதே எனக்குக் கேக்கல. சேத்துல உக்காந்தது ஞாபகம் இருக்கு. அவ்ளோதான்."

அங்கே இருந்த நர்ஸ், மயக்கத்தில் பழக்கத்துக்கு வாய் தானாகப் பதில் சொல்லும், பிறகு நினைவிருக்காது என்றாள். இருக்கலாம். நான் அதை நம்பவே விரும்புகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் மீசைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாலாற்றுப் பாலம் வந்தபோது சொன்னார்.

"அது அவன் குரல் இல்ல தம்பி. கயித்தப் புடிச்சிக்கினு இருந்தப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா தெரிஞ்ச குரலு. ரொம்பத் தெரிஞ்ச குரலு."

"யாரோடது?"

"யோசிக்கறேன். வரமாட்டேங்குது."

அந்த வாரமே போனவர்கள் எல்லோரையும் வரைபடத்தில் சேர்த்தேன். ஒரு பெயரையும் விடவில்லை. துபாயில் இருப்பவர்களையும், மண்ணுக்குள் இருப்பவர்களையும். வரைபடத்தில் இல்லாத டோக்கன் வந்தால் எல்லாம் சிவப்பாகவே காட்டும்படி மாற்றினேன்.

மேனேஜர் பாய் அதைப் பார்த்துவிட்டு, "செத்துப்போனவங்க பேரு எதுக்கு தம்பி இதுல? மறுபடியும் ஸ்லோ ஆயிடாதா?" என்றார்.

"ஆவாது பாய். இருக்கிறவங்க எத்தன பேரா இருந்தாலும் நேரம் ஆவாது. இல்லாதவங்களத் தேடறப்போதான் நேரம் ஆவும்."

அவர் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். அந்த அறைக் கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேட்டேன். அணைத்துவிடு என்றார். அதில் இனி ஒன்றும் இல்லைதான், எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. நான் அணைக்கவில்லை. யாராவது அணைத்திருக்கலாம். போய்ப் பார்க்கவில்லை.

டிரம் பகுதிக்காரர் மறுபடியும் வேலைக்கு வந்த அன்று நான் வாசலில் இருந்தேன். உடம்பு இன்னும் பாதியாகியிருந்தது. வரிசையே இல்லை. ஆனாலும் எல்லோரும் போகட்டும் என்று கடைசியில் நின்று, டோக்கனை வைத்தார். உடனே வந்தது. தொட்டிக்குச் சிவப்பு. அவர் அப்படியே நின்றார்.

"வந்துடுச்சுண்ணா. இன்னும் இன்னாத்துக்கு நிக்கற?" என்றாள் அக்கா.

"வந்துடுச்சா?" என்றார். "தூரத்துல இருந்துல்ல வரணும், அதான் நின்னேன்."

அவருக்கு இலகுவான வேலையும் வேண்டும், கூடுதல் கூலியும் வேண்டும். மேனேஜர் பாய் யோசித்து, வெள்ளிக்கிழமைகளில் தொட்டிக்கு மேலே குரல் கொடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார். இறங்குகிறவருக்கு உள்ளது போல அதற்கும் தனிக் கூலி என்று ஏற்பாடு. மீசைக்காரர் மறுப்பே சொல்லாமல் பக்கெட்டை விட்டு எழுந்து கொடுத்தார். அவர் அதன் பிறகு தொட்டிப் பக்கமே வரவில்லை. உலர்த்தும் இடத்துக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டார். அவர் கோப்பை நானே மாற்றி வைத்தேன்.

நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொட்டிப் பக்கம் போனேன். இறங்கிய இருவரும் மேலே ஏறிக் குளிக்கப் போய்விட்டார்கள். டிரம் பகுதிக்காரர் பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். மூடியைப் பிடித்துத் தள்ள நானும் ஒரு கை கொடுத்தேன். அவர் எழுந்து, பொறு என்பது போலக் கையைக் காட்டி, குனிந்து, சாதாரணக் குரலில் கேட்டார்.

"இருக்கியா?"

மீசைக்காரர் என்றால் அதற்குள் மூடியிருப்பார். இவர் மூடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாசலில் திரை முன்னால் நின்ற அதே நிற்பில் நின்றார். வெயில் எங்கள் முதுகில் இறங்கியது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம்ணா," என்றேன்.

"இரு தம்பி," என்றார். "கடைசில இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும்."